க்ரே-1: மெதுவான பாதியையும் விட்டுவிடாத இயந்திரம்

1976-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலைமேல் இருக்கும் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினி வந்து இறங்கியது. ஆளுயரத்துக்குச் சற்று மேல் எழும்பிய பன்னிரண்டு தூண்கள், ஆங்கில 'சி' எழுத்துப்போல் வளைந்து நின்றன. அடியில் நாலு பேர் உட்காரத் தோதாக, மெத்தை போட்ட திண்ணை சுற்றி ஓடியது. எடை ஏறக்குறைய 5 டன். வரிசை எண் 1. ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்று க்ரே ரிசர்ச் நிறுவனம் அனுப்பிய க்ரே-1 அது. இயங்குதளம் என்று ஒன்றும் கூட வரவில்லை.

மீக்கணினிகளின், அதாவது சூப்பர் கம்ப்யூட்டர்களின், வரலாற்றைப் பேசுகிறவர்கள் வேகப் பட்டியலைத்தான் முதலில் எடுப்பார்கள்: இந்த ஆண்டு இது முதலிடம், அடுத்த ஆண்டு அது. அந்தப் பட்டியலில் க்ரே-1 ஒரு வரி. வெக்டர் கணிப்பை, அதாவது ஒரே கட்டளையால் ஒரு வரிசை எண்கள்மேல் கணக்குப் போடுவதை, முதலில் செய்ததும் அது அல்ல. அதற்கு முன்பே இரண்டு பெரிய நிறுவனங்கள் வெக்டர் இயந்திரங்களை விற்கத் தொடங்கியிருந்தன. அவை ஏன் தேங்கின, பின்னால் வந்த சிறு நிறுவனத்தின் இயந்திரம் ஏன் உலகெங்கும் போனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் பதில் இது: மற்றவர்கள் வேகமாக்கக்கூடிய பகுதியை மேலும் வேகமாக்கினார்கள், க்ரே-1 வேகமாக்க முடியாத பகுதியையும் சேர்த்துக் கவனித்தது. அந்தக் கவனம் மென்பொருளுக்கு மட்டும் வெகு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

முன்கதை

செமூர் க்ரே 1925-இல் விஸ்கான்சின் மாநிலத்துச் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தில், அதாவது சிடிசியில், தலைமை வடிவமைப்பாளர். 1962-இல் தலைமையகத்தின் கூட்டங்களையும் அறிக்கைகளையும் விட்டு விலகி, சொந்த ஊரிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். அங்கே பிறந்த சிடிசி 6600-ஐத்தான் உலகின் முதல் மீக்கணினி என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். 1964-இல் வெளிவந்த அதற்குள் தனித்தனியாக இயங்கும் பத்துக் கணிப்பு அலகுகள் இருந்தன. உள்ளீடு, வெளியீட்டு வேலைகளைத் தாங்க வெளியே பத்துச் சிறு செயலிகள். இயந்திரத்தின் வேலைகளை ஒழுங்காக நடத்தும் கடிகாரத் துடிப்புக்கு 100 நானோ விநாடி; நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் 1963 ஆகஸ்டில் தன் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து 34 பேர்தான் அந்தக் கூடத்தில் இருக்கிறார்களாம்; நம்மிடம் இத்தனை பேர் இருந்தும் எப்படி நழுவவிட்டோம் என்று கேட்டார். சிறிய குழு என்பது க்ரேயின் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. அதை அவருடைய பலமாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிறிய குழுவில் எதைச் செய்யாமல் விடுவது என்ற கேள்வியும் எழும்; க்ரே விட்டவற்றில் பெரியது மென்பொருள்.

1969-இல் சிடிசி 7600 வந்தது. துடிப்பு 27.5 நானோ விநாடி. அடுத்தது 8600. அதில்தான் அவர் தடுக்கி விழுந்தார். நான்கு செயலிகள், 8 நானோ விநாடித் துடிப்பு என்பது திட்டம். வேகத்துக்காகச் சுற்றுப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமான கட்டிகளாக்கினார்கள். உள்ளே ஓர் உறுப்பு கெட்டாலும் அந்தக் கட்டியே போயிற்று. ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று க்ரே கேட்டபோது, சிடிசியிடம் அதற்குப் பணம் இல்லை. நிறுவனம் இன்னொரு பெரிய திட்டத்துக்கும் செலவழித்துக்கொண்டிருந்தது. 1972-இல் க்ரே வெளியேறி, அதே சிப்பேவா ஃபால்ஸில் சொந்த நிறுவனம் தொடங்கினார். சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை. சிடிசியே புதுக் கம்பெனியில் முதலீடு செய்தது.

8600-இன் தோல்வி இல்லாமல் க்ரே-1 இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிய இயந்திரத்தில் அவர் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒன்றைக் கைவிடுகிற முடிவுகள். நான்கு செயலி வேண்டாம், ஒன்று போதும். 8 நானோ விநாடி வேண்டாம், 12.5 போதும். முப்பரிமாண அடுக்கு வேண்டாம், சாதாரணத் தட்டைப் பலகை போதும்.

ஸ்டார்-100 எங்கே சறுக்கியது

சிடிசி பணத்தைக் கொட்டிய அந்த இன்னொரு திட்டம்தான் ஸ்டார்-100. அதன் பின்னால் இருந்தவர் ஜிம் தார்ன்டன். 6600-இல் க்ரேயின் வலக்கை. சாதாரணமானவர் அல்லர், கருத்தும் அழகானது. அறிவியல் கணக்குகளில் ஒரே செயலை ஆயிரக்கணக்கான எண்கள்மேல் வரிசையாகச் செய்கிறோம். ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் கட்டளை எதற்கு? 'இந்த வரிசையையும் அந்த வரிசையையும் கூட்டு' என்று ஒரே கட்டளை கொடுத்தால் போதுமே. எண்கள் நினைவகத்திலிருந்து ஓடையாக வரும், பைப்லைன் என்ற படிப்படியான கணிப்பு வரிசையில் கூடும், விடை ஓடையாகவே நினைவகத்துக்குத் திரும்பும். உச்ச வேகம் விநாடிக்கு 10 கோடி மிதவைப்புள்ளி (தசம எண்) கணக்குகள், அதாவது 100 மெகாஃப்ளாப்ஸ். 1974-இல் விநியோகம் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடமும் நாசாவின் லாங்லி மையமும் வாங்கின.

இரண்டு இடங்களில் அடி விழுந்தது. ஒன்று, ஓடை ஓடத் தொடங்கவே நேரம் பிடித்தது. வரிசையில் நூற்றுக்கணக்கான எண்கள் இருந்தால்தான் அந்தத் தொடக்கச் செலவு கட்டுப்படியாகும். இருபது, முப்பது எண் கொண்ட வரிசைக்கு வெக்டர் கட்டளையால் பலனே இல்லை. இரண்டு, வரிசையாக்க முடியாத ஒற்றைக் கணக்குகளில், அதாவது ஸ்கேலர் வேலையில், ஸ்டார் தனக்கு முந்திய 7600-ஐவிட மெதுவாக ஓடியது.

இந்த இரண்டாவது குறை எவ்வளவு கொடியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு நிரல் 7600-இல் 100 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 நிமிட வேலையை வெக்டராக்கலாம், 30 நிமிட வேலையை ஆக்க முடியாது. புதிய இயந்திரம் வெக்டர் வேலையைப் பத்து மடங்கு வேகமாகச் செய்து, ஸ்கேலரைப் பாதி வேகத்தில் செய்தால், 7 நிமிடமும் 60 நிமிடமுமாக 67 நிமிடம். பத்து மடங்கு என்று விற்ற இயந்திரம் ஒன்றரை மடங்குதான் தருகிறது. வெக்டர் வேகம் அதே பத்து மடங்காக இருக்க, ஸ்கேலரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 7-ம் 15-ம் சேர்ந்து 22 நிமிடம். நாலரை மடங்கு! இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள்தான். ஆனால் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்தால் 1967-இலேயே சுட்டிக்காட்டிய உண்மை இதுவே, லிவர்மோரில் உள்ளவர்கள் தினமும் பட்ட அவதியும் இதுவே. அவர்களுடைய நிரல்களை ஸ்டாருக்கு ஏற்ப நீண்ட வரிசைகளாகத் திருப்பி எழுத ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

பந்தி பரிமாறுவதுபோல

க்ரே செய்த முக்கியமான மாற்றம் வெக்டர் ரெஜிஸ்டர்கள், அதாவது ஒரு வரிசை எண்களைச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறு சேமிப்பிடங்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் இதை விளக்குவது எளிது. ஸ்டார் முறையில், வரிசையாக இருக்கும் இலைகளுக்கெல்லாம் சோறு வைத்து, அத்தனை இலைகளையும் சமையற்கட்டுக்குத் திருப்பி எடுத்துப் போய், பிறகு சாம்பாருக்காக மறுபடி வெளியே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் நினைவகத்துக்குப் போய்த் திரும்பும் பயணம். க்ரே-1-இல் பந்திக்கு 64 இலை. அந்த 64 எண்களும் செயலிக்கு அருகிலேயே, ஒரு ரெஜிஸ்டரில் உட்கார்ந்திருக்கும். இப்படி எட்டு ரெஜிஸ்டர்கள்; மொத்தம் 512 எண்கள், வெறும் 4 கிலோபைட். எண்களை ஒருமுறை கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால், கூட்டல், பெருக்கல் எல்லாம் முடிந்து அவை எழுந்திருக்கும்போது நினைவகத்துக்குப் போனால் போதும்.

அடுத்தது அதைவிட நயமானது. சோறு பரிமாறுகிறவர் கடைசி இலைவரை போய் முடிக்கட்டும் என்று சாம்பார் வாளிக்காரர் வாசலில் காத்து நிற்பதில்லை. இரண்டு இலை தள்ளிப் பின்னாலேயே வருவார். அவருக்குப் பின்னால் பொரியல். க்ரே-1-இல் பெருக்கல் அலகு முதல் விடையைத் தந்த நொடியிலேயே கூட்டல் அலகு அதை வாங்கித் தன் வேலையைத் தொடங்கும். இதற்குச் சங்கிலியிடல் என்று பெயர். துடிப்புக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். விநாடிக்கு 8 கோடித் துடிப்பு. உச்சம் 160 மெகாஃப்ளாப்ஸ். மிதவைப்புள்ளிக் கூட்டல் 6 துடிப்பிலும் பெருக்கல் 7 துடிப்பிலும் முடிந்ததால் தொடக்கச் செலவும் குறைவு. குட்டி வரிசைகளும் லாபம் தந்தன.

இவ்வளவுக்கும் அடியில், 12.5 நானோ விநாடித் துடிப்பில் ஓடும் அருமையான ஸ்கேலர் செயலி ஒன்று இருந்தது. வெக்டரே பயன்படுத்தாமல் பழைய நிரலை அப்படியே போட்டாலும் 7600-ஐ ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் முந்தியது. வாங்கியவர்களுக்கு முதல் நாளே பலன் கிடைத்தது இதனால்தான். வெக்டர் பலனைப் பிறகு, மெல்ல மெல்லப் பெற்றுக்கொண்டார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நினைவகத்துக்கும் ரெஜிஸ்டர்களுக்கும் இடையே ஒரே ஒரு பாதை. இரண்டு வரிசைகளைக் கூட்டி மூன்றாவதில் வைக்கும் எளிய நிரல் சுற்றை (லூப்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டலுக்கு இரண்டு எண்கள் உள்ளே வர வேண்டும், ஒன்று வெளியே போக வேண்டும். மூன்று துடிப்புக்கு ஒரு கணக்கு என்று ஆகிவிடும். 160 எங்கே, 27 மெகாஃப்ளாப்ஸ் எங்கே! அணிப் பெருக்கல்போல ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வேலைகள்தான், அதுவும் கையால் இயந்திர மொழியில் செதுக்கினால், உச்சத்தை நெருங்கின. சங்கிலியும் சரியான துடிப்பில் கோத்தால்தான் கோக்கும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் முழு வரிசையும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் எண்களைப் பொறுக்கி வரும் வசதியும் வன்பொருளில் இல்லை. இந்தக் குறைகளையெல்லாம் 1980-களில் வந்த க்ரே நிறுவனத்தின் எக்ஸ்-எம்பி வரிசைதான் தீர்த்தது.

கம்பியும் சூடும்

திண்ணை அழகுக்காக வைத்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதற்குள் மின்வழங்கிகள் இருந்தன. 'சி' வடிவமும் அலங்காரம் அல்ல. மின்குறி செப்புக் கம்பியில் ஒரு நானோ விநாடிக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான் நகரும். 4 அடிக் கம்பியைக் கடக்க 6 நானோ விநாடி, துடிப்பில் பாதி அதிலேயே போய்விடும். எனவே எந்தக் கம்பியும் 4 அடியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். தூண்களை வட்டமாக நிறுத்தினால் உட்பக்கத்தில் எல்லாம் எல்லாவற்றுக்கும் அருகில் வரும். வட்டத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டது, ஆள் உள்ளே நுழைந்து கம்பி போட.

அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாக, அளவு பார்த்து வெட்டி, கையால் கோத்தவர்கள் சிப்பேவா ஃபால்ஸின் பெண் தொழிலாளர்கள். மொத்த நீளம் 60 மைலுக்கு மேல். இந்த இயந்திரத்தின் படங்களில் பொறியாளர்களின் முகங்கள் நிறைய உண்டு. என் கண் எப்போதும் அந்த நீலக் கம்பிக் காட்டின்முன் குனிந்து நிற்கும் பெண்களிடம்தான் போகும். ஒரு கம்பி சற்று நீண்டுபோனாலும் மின்குறி நேரம் தவறிவிடும். மீக்கணினியின் துல்லியம் அவர்களுடைய விரல் நுனியில் இருந்தது.

சில்லுகளில் க்ரே புதுமை எதையும் தேடவில்லை. முழு இயந்திரத்துக்கும் நான்கே வகைச் சில்லுகள்: வேகமான தர்க்கச் சில்லு ஒன்று, சற்று மெதுவானது ஒன்று, ரெஜிஸ்டருக்கு ஒன்று, நினைவகத்துக்கு 1024 பிட் கொண்ட ஒன்று. கடையில் கிடைக்கிற, சோதித்துப் பார்க்கக்கூடிய சில்லுகள். அவற்றைக் கொண்டு 1,662 பலகைத் தொகுதிகள். 8600-இல் சூடுபட்டவர் இப்படித்தான் செய்வார்.

சூடு என்றால் உண்மையான சூடும்தான். 115 கிலோவாட் மின்சாரம் அந்தச் சிறிய இடத்தில் வெப்பமாக மாறியது. குளிரூட்டலைக் கவனித்த டீன் ரௌஷ் குழு, ஒவ்வொரு தொகுதியின் இரு பலகைகளுக்கும் நடுவே செப்புத் தகடு வைத்து, வெப்பத்தை ஓரத்துக்குக் கடத்தி, அங்கே நிற்கும் அலுமினியத் தூண்களுக்குள் குழாய் வழியே ஃப்ரியான் என்ற குளிர்பொருளை ஓட்டியது. குளிர்சாதனப் பெட்டியின் வித்தையேதான். இணைப்புகளில் ஃப்ரியானும் எண்ணெயும் கசிந்து, அதைச் சரிசெய்யவே பல மாதம் பாடுபட்டார்கள்.

மலைமேல் 152 பிழைகள்

வரிசை எண் 1-இன் நினைவகத்தில் பிழை நிகழ்ந்தால் கண்டுபிடிக்க மட்டும் வழி இருந்தது, திருத்த வழி இல்லை. லாஸ் அலமோஸில் ஆறு மாதத்தில் 152 நினைவகப் பிழைகள் பதிவாயின. பிழை வந்தால் ஓடிக்கொண்டிருந்த கணக்கு நின்றுவிடும். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தவர்கள், விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரான்களே பிட்டுகளைப் புரட்டியிருக்கின்றன என்று காட்டினார்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட நியூட்ரான் மழையும் கூடும்.

1976-இல் இந்தக் காரணம் யாருக்கும் தெரியாது. பிழைகள் மட்டும் தெரிந்தன. க்ரேவுக்குத் திருத்தும் மின்சுற்றுகளில் விருப்பமில்லை, அவை வேகத்தைத் தின்னும் என்பதால். வாங்குகிறவர்கள் விடவில்லை. வரிசை எண் 3-இலிருந்து ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சரிபார்ப்புப் பிட்டுகள் சேர்க்கப்பட்டன. ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும், இரு பிட் பிழையைச் சொல்லிவிடும். வடிவமைத்தவரைவிடப் பயன்படுத்தியவர்கள் சரியாக இருந்த இடம் இது என்று தயங்காமல் சொல்வேன். இன்று எந்தத் தரவு மையத்திலும் இந்தத் திருத்தம் இல்லாத நினைவகத்தை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

மென்பொருள்: பின்னால் ஓடி வந்தது

இயங்குதளம் இல்லாமல் வந்த இயந்திரத்துக்கு லாஸ் அலமோஸில் தாங்களே 'டெமோஸ்' என்று ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். லிவர்மோரில் பிறகு பலர் ஒரே கணினியைப் பகிர உதவும் தங்களுடைய பழைய நேரப்பகிர்வு அமைப்பைக் க்ரேவுக்குக் கொண்டுவந்தார்கள். அணு ஆயுத ஆய்வுக்கூடங்களில் இதற்கெல்லாம் ஆள் இருந்தது, பணம் இருந்தது. வெளியே விற்க வேண்டுமானால்?

அந்தக் கேள்வியைக் கேட்டது கொலராடோவில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையம், நிறுவனத்தின் முதல் முறையான வாடிக்கையாளர். வானிலை ஆய்வாளர்களுக்கு இயங்குதளம் எழுதுவது வேலையல்ல. கணினியோடு மென்பொருளும் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்கள். வரிசை எண் 3 அங்கே 1977 ஜூலையில் போனது, விலை 88.6 லட்சம் டாலர். க்ரே இயங்குதளமும், ஃபோர்ட்ரான் மொழி நிரலை இயந்திரக் கட்டளைகளாக்கும் சிஎஃப்டி என்ற கம்பைலரும் இந்த நெருக்குதலில்தான் உருவாயின.

சிஎஃப்டிதான் இந்தக் கதையின் அடங்கிய நாயகன். நிரலாளர் வழக்கம்போல டூ-சுற்று (ஃபோர்ட்ரானின் லூப்) எழுதினால், அது வெக்டராக்கத் தக்கதா என்று கம்பைலரே ஆராயும். தக்கதென்றால் 64, 64-ஆக நறுக்கி வெக்டர் கட்டளைகளாக்கும். ஸ்டாரில் நிரலாளர் இயந்திரத்திடம் போக வேண்டியிருந்தது. இங்கே கம்பைலர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. எல்லாச் சுற்றையும் அதனால் கரைசேர்க்க முடியவில்லை. சுற்றுக்குள் வேறு துணைநிரலை அழைத்தால் கைவிட்டுவிடும். முந்தின சுற்றின் விடை அடுத்ததற்குத் தேவைப்படலாம் என்ற சிறு சந்தேகம் வந்தாலும் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கல் சரியானதே. தவறான விடையை வேகமாகத் தருவதால் யாருக்கு என்ன பயன்?

ஆனால் நிரலாளருக்குச் சில சமயம் கம்பைலருக்குத் தெரியாத ஒன்று தெரியும்: இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று தொடாது என்பது. அதைச் சொல்வதற்காக, சுற்றுக்கு மேலே கருத்துரைபோல எழுதும் ஒரு வரியைக் க்ரே ஃபோர்ட்ரான் தந்தது. 'ஐவிடெப்': வெக்டர் சார்புநிலையைப் பொருட்படுத்தாதே. நான் சொல்கிறேன், நீ நம்பு என்று நிரலாளர் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்குறுதி. வாக்குறுதி பொய்யானால் விடையும் பொய்.

மக்களின் அன்றாடத்துக்குள் க்ரே-1 நுழைந்தது வானிலையின் வழியாக. இங்கிலாந்தின் ரெடிங் நகரிலுள்ள ஐரோப்பிய நடுத்தர வானிலை முன்கணிப்பு மையத்துக்கு 1978-இல் ஒன்று வந்தது. 1979 ஆகஸ்ட் 1-இல் மையத்தின் நடைமுறை முன்கணிப்புகள் அதில் தொடங்கின. ஒரு டஜன் விற்றால் பெரிது என்று எண்ணிய நிறுவனம், எல்லா வகையும் சேர்த்து 80-க்கு மேல் விற்றது. இந்தியா பருவமழை முன்கணிப்புக்காக வாங்கியது இதன் வழித்தோன்றலான எக்ஸ்-எம்பி/14; பல ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1980-களின் இறுதியில் டெல்லிக்கு வந்த ஒற்றைச் செயலி இயந்திரம். அமெரிக்காவிடம் இப்படிக் கையேந்திய அனுபவத்தின் சூட்டில்தான் 1988-இல் புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் பிறந்தது, 1991-இல் அதன் மீக்கணினி பரம் 8000 வந்தது. அது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

செமூர் க்ரே 1996-இல் கார் விபத்தில் காயமுற்று இறந்தார். ஃப்ரியான் குழாய்களும் கைக்கம்பிகளும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் 64 இலைப் பந்தி போகவில்லை. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்புச் செயலிகளுக்காக இன்று வகுத்திருக்கும் வெக்டர் கட்டளைத் தொகுதி, வரிசையின் நீளத்தைச் சொல்லி, ரெஜிஸ்டரின் அளவுக்கு நறுக்கிக்கொள்ளும் க்ரேயின் வழியிலேயே நடக்கிறது. இன்டெல் கம்பைலர் இன்றும் 'ஐவிடெப்' என்ற அதே வரியைப் புரிந்துகொள்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரே ஓர் இயந்திரத்துக்காகச் சொன்ன அந்த வாக்குறுதியை, க்ரே-1-ஐக் கண்ணால் பார்த்திராத நிரலாளர்கள் தங்கள் சுற்றுகளுக்கு மேலே இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.